ஓஎஸ் போடும்போதே சவுண்டையும் சரிசெய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் வீட்டுக்கோ பாடசாலைக்கோ கடைக்கோ வின்டோஸ், லினக்ஸ் போன்ற ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடுகிறவர்களுக்கான பக்கம் இது. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். 'இடைவெளி' என்று சொன்ன இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள்.

சவுண்டை ஓஎஸ் போட்டு முடிஞ்ச பிறகு பார்த்தால் போதாதோ?

பார்க்கலாம். ஆனால் அப்போது கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பழைய வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்த சிப், எந்த டிரைவர் (சாமானை ஓஎஸ்ஸோடு இணைக்கும் மென்பொருள்), எந்தப் பதிப்பு என்பதெல்லாம் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்கை அழித்ததும் அந்த விவரமும் போய்விடும். புதிதாகப் போட்டதில் வைஃபையும் எடுபடாவிட்டால் போன் டேட்டாவில்தான் டிரைவர் தேட வேண்டும். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் முந்நூறு எம்பி கோப்பு இறக்கிப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை. அழிக்க முன்னர் செலவழிக்கும் பத்து நிமிடம் பின்னர் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

அப்ப, அழிக்க முன்னம் என்னென்ன செய்ய வேணும்?

முதலில் இப்போது சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய ஓஎஸ்ஸிலேயே சத்தம் வரவில்லை என்றால் கோளாறு சாமானிலும் இருக்கலாம். புதிய ஓஎஸ் அதைத் திருத்தாது. பின்பக்கப் பச்சைத் துளை, முன்பக்க ஹெட்போன் துளை, மைக் மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள்.

அடுத்து டிவைஸ் மனேஜரைத் திறந்து 'சவுண்ட், வீடியோ அன்ட் கேம் கொன்ட்ரோலர்ஸ்' என்ற பகுதியை விரித்து, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதற்குள் உள்ள பெயரை இரட்டைக் கிளிக் செய்து, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தெரிவுசெய்து அதையும் படம் எடுங்கள்.

மூன்றாவது வேலை, உள்ள டிரைவர்களை அப்படியே பென் டிரைவுக்கு எடுப்பது. வின்டோஸ் 8.1, 10, 11 மூன்றிலும் இதற்கு வழி உண்டு. பென் டிரைவ் இ எழுத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 'டிரைவர்ஸ்' என்று வெறும் கோப்புறை ஒன்றை முதலே உருவாக்குங்கள். கொமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடியுங்கள்: டிஸ்ம் (டி, ஐ, எஸ், எம்), இடைவெளி, சரிவுக்கோடு ஒன்லைன், இடைவெளி, சரிவுக்கோடு எக்ஸ்போர்ட்-டிரைவர், இடைவெளி, சரிவுக்கோடு டெஸ்டினேஷன், முக்காற்புள்ளி, இ, முக்காற்புள்ளி, பின்சரிவுக்கோடு, டிரைவர்ஸ். 'ஒன்லைன்' என்றதும் டேட்டா போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வின்டோஸ் என்பதுதான் இங்கே அதன் பொருள். வைஃபை, வீடியோ, சவுண்ட் எல்லா டிரைவரும் சேர்ந்து வரும்.

புதிய வின்டோஸ் போட்ட பிறகு டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம் உள்ளதை வலக் கிளிக் செய்து, அப்டேட் டிரைவர் கொடுத்து, அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். 'உட்கோப்புறைகளையும் சேர்' என்ற கட்டத்தில் சரி அடையாளம் இருக்க வேண்டும். இது இல்லாததால்தான் 'கோப்புறையைக் காட்டியும் கிடைக்கேல்லை' என்ற முறைப்பாடு பெரும்பாலும் வருகிறது. வின்டோஸ் 7-இல் இந்த ஏற்றுமதிக் கட்டளை இல்லை. அதற்கு மதர்போட் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் முதலே இறக்கி வைப்பதுதான் வழி.

ஏற்கனவே அழிச்சாச்சு. என்ன சவுண்ட் சிப் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேசைக் கணினி என்றால் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்பக்கத்தில் பச்சை, ரோஸ், நீலத் துளைகள் இருக்கும் இடத்துக்கு அருகே, மதர்போட்டில் விரல் நகத்தளவு சதுரச் சிப் ஒன்று இருக்கும். அதன் மேல் சின்ன நண்டுப் படம் அச்சிட்டிருந்தால் அது ரியல்டெக். நண்டுக்குப் பக்கத்தில் ஏஎல்சி 662, ஏஎல்சி 887 என்பதுபோல எண் இருக்கும், அதுதான் தேவை. எழுத்து மங்கலாக இருந்தால் போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள், தெளியும். நெட்வேர்க் சிப்பிலும் இதே நண்டு இருக்கலாம். ஏஎல்சி என்று தொடங்குவதுதான் சவுண்ட்.

லப்டொப்பைக் கழற்றத் தேவையில்லை. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம் உள்ளதன் ஹார்ட்வேர் ஐடியில் 'வென்' என்பதற்குப் பிறகு வரும் நான்கு குறியைப் பாருங்கள். 10இசி என்றால் ரியல்டெக், 14எஃப்1 கொனெக்சன்ட், 8086 இன்டெல், 1022 ஏஎம்டி, 10டிஇ என்விடியா. 'டெவ்' என்பதற்குப் பிறகு 0887 என்று இருந்தால் அது ஏஎல்சி 887. ஐடி முழுவதையும் தேடலில் போட்டு முதலில் வரும் 'இலவச டிரைவர்' தளத்தில் இறக்காதீர்கள். சிப் எது என்று அறியத்தான் அந்த ஐடி. டிரைவரைக் கணினித் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்தே எடுங்கள்.

ரியல்டெக் டிரைவர் போட்டும் 'ஓடியோ டிவைஸ் இல்லை' எண்டு சொல்லுது. ஏன்?

சவுண்ட் கார்ட் என்று நாங்கள் சொல்வது உண்மையில் இரண்டு சாமான். கொன்ட்ரோலர் என்பது மதர்போட்டின் சிப்செட்டுக்குள் அல்லது புரொசெசருக்குள் இருக்கிறது. தரவை எடுத்துக்கொடுப்பது அதன் வேலை. நண்டுப் படம் போட்ட கோடெக் அதைக் காதால் கேட்கக்கூடிய மின்னலையாக மாற்றுகிறது. இன்டெல் 2004-இல் கொண்டுவந்த 'ஹை டெஃபினிஷன் ஓடியோ' முறையில் இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. கொன்ட்ரோலர் விழிக்காவிட்டால் அந்தப் பாதையின் மறுமுனையில் கோடெக் இருப்பதே வின்டோஸுக்குத் தெரியாது. அந்த நிலையில் ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் அதற்குப் பிடிக்க ஆளில்லை.

எனவே ஒழுங்கு முக்கியம். முதலில் சிப்செட் டிரைவர், ஒருமுறை ரீஸ்டார்ட். லப்டொப்பில் 'இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட்' என்று தனி டிரைவர் கொடுத்திருந்தால் அடுத்தது அது. கடைசியில் ரியல்டெக், மறுபடி ரீஸ்டார்ட். இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்துவிட்டு 'கார்ட் பழுது' என்று முடிவுகட்டிய லப்டொப்புகள் ஏராளம்.

அதோடு பயோஸில் (ஓஎஸ் ஏற முன்னர் திறக்கும் கணினியின் அமைப்புத் திரை) 'எச்டி ஓடியோ' அல்லது 'அசாலியா' என்ற வரி டிசேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு யாராவது தனியாக பிசிஐ சவுண்ட் கார்ட் போட்டிருந்தால் அதை அணைத்து வைத்திருப்பார்கள்.

வின்டோஸ் போடுகிற நேரத்திலேயே சவுண்ட் வேலை செய்யுதோ எண்டு பார்க்க வழி இருக்கோ?

இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கோப்புகள் பிரதியாகி ரீஸ்டார்ட் ஆன பிறகு நாடு, கீபோர்ட் கேட்கும் திரை வருமல்லவா? அங்கே வின்டோஸ் விசை, கொன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நரேட்டர் என்ற திரைவாசிப்பான் திரையில் உள்ளதைப் பேசத் தொடங்கும். குரல் கேட்டால் சவுண்ட் டிரைவர் ஏற்கனவே அமர்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி அதே மூன்றையும் அழுத்தினால் நின்றுவிடும். கண்பார்வை இல்லாதவர்களுக்காக வைத்த வசதி. சவுண்ட் சோதனைக்கும் இதைவிட லேசான வழி இல்லை.

வின்டோஸ் தானே ஒரு டிரைவர் போட்டிட்டுது. பிறகும் ரியல்டெக் தேவையோ?

'ஹை டெஃபினிஷன் ஓடியோ டிவைஸ்' என்று காட்டினால் அது மைக்ரோசொஃப்டின் பொது டிரைவர். பாட்டுக் கேட்க அது போதும். மைக் சத்தம் மிகக் குறைவாக இருந்தால், அல்லது ஹெட்போன் குத்தியும் ஸ்பீக்கர் நிற்காவிட்டால் தயாரிப்பாளரின் டிரைவரைப் போடுங்கள். இல்லையேல் சும்மா இருப்பதைக் கிண்ட வேண்டாம்.

லினக்ஸ் போட யோசிக்கிறம். என்ர லப்டொப்பில சவுண்ட் வருமோ?

போடாமலே தெரிந்துகொள்ளலாம். வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்ததாலும், வின்டோஸ் 11 பழைய புரொசெசர்களை ஏற்காததாலும் இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருகிறது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் எழுதிக்கொள்ளுங்கள். பூட் பண்ணி, நிறுவாமல் 'ட்ரை' முறையில் உள்ளே போங்கள், இதைத்தான் லைவ் என்கிறோம். செட்டிங்ஸில் சவுண்ட், அங்கே டெஸ்ட் பொத்தான். இடது, வலது இரண்டும் தனித்தனியே பேச வேண்டும். மைக்குக்கு முன்னால் கதைத்துப் பாருங்கள், கோடு ஆட வேண்டும். ஹெட்போனைக் குத்தி எடுத்துப் பாருங்கள். திரையை மூடித் திறந்து, தூங்கி எழும்பிய பிறகும் ஒருமுறை.

லைவில் வந்த சத்தம் அதே பென் டிரைவிலிருந்து நிறுவிய பிறகும் வரும், ஏனென்றால் அதே கேர்னல்தான் (டிரைவர்களைக் கொண்டிருக்கும் ஓஎஸ்ஸின் மையப் பகுதி) டிஸ்க்கில் போய் அமர்கிறது. லைவில் வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள், டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம்.

நிறுவும்போது மூன்றாந்தரப்பு மென்பொருள், மீடியா வடிவங்கள் பற்றிக் கேட்கும் கட்டங்களில் சரி போடுங்கள். போடாவிட்டால் சில வீடியோக்கள் ஓடாது. அது வீடியோவை ஓட்டும் கோடெக் மென்பொருள் இல்லாத குறை, நண்டுப் படம் போட்ட கோடெக் சிப் வேறு. சவுண்ட் கார்டைத் திட்டிப் பயனில்லை.

'டம்மி அவுட்புட்' எண்டு மட்டும் காட்டுது. இது என்ன?

லினக்ஸில் ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஒரு கார்டும் அகப்படவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. அந்த மென்பொருள் முன்பு பல்ஸ்ஓடியோ. ஃபெடோரா 34, உபுண்டு 22.10, லினக்ஸ் மின்ட் 22 முதல் பைப்வயர். இரண்டுக்கும் கீழே கேர்னலில், கார்டோடு நேரே பேசும் அல்சா என்ற பகுதி இருக்கிறது. ஆகவே கீழிருந்து மேலே தேட வேண்டும்.

டெர்மினலில் (லினக்ஸில் கட்டளை அடிக்கும் சாளரம்) ஏபிளே, இடைவெளி, சிறுகோடு, எல் என்று அடியுங்கள். கார்ட்டின் பெயர் வந்தால் அல்சாவுக்குத் தெரிகிறது, குறை மேலே. ஒருமுறை லொக் அவுட் செய்து உள்ளே வந்தாலே பல நேரம் சரியாகும். 'நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபவுண்ட்' என்று வந்தால் சூடோ (எஸ், யூ, டி, ஓ), இடைவெளி, டிஎம்இஎஸ்ஜி என்று அடித்து வரும் நீண்ட பட்டியலில் 'சொஃப்' (எஸ், ஓ, எஃப்) என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் அருகே ஃபெர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) கோப்பின் பெயரும் 'எரர் -2' என்பதும் இருந்தால் நோய் தெரிந்துவிட்டது: -2 என்றால் 'கோப்பு இல்லை'.

ஏன் கோப்பு இல்லை? லப்டொப்பின் திரைச் சட்டத்துக்குள் இருக்கும் டிஜிட்டல் மைக்கைக் கையாள, பல புதிய இன்டெல் லப்டொப்புகளில் சவுண்டுக்கென்று சின்னப் புரொசெசர் ஒன்று தனியே ஓடுகிறது. அதற்கு 'சவுண்ட் ஓபன் ஃபெர்ம்வேர்' என்ற கோப்பை ஒவ்வொரு முறையும் ஊட்ட வேண்டும். டெபியன் 11 வரை அதிகாரபூர்வ நிறுவியில் இத்தகைய ஃபெர்ம்வேர் வரவில்லை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள்; 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது. பழைய டெபியன் ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல் புதியதை எடுங்கள் என்பதே எங்கள் முதல் ஆலோசனை.

ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ஃபெர்ம்வேர்-சொஃப்-சைன்ட் என்ற பொதியை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெபியன் 11-இல் அதற்கு முன் மென்பொருள் மூலங்களில் 'நொன்-ஃப்ரீ' பிரிவைத் திறந்துவிட வேண்டும். வைஃபையும் இல்லையென்றால் போனை யூஎஸ்பி வயரில் கொழுவி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதைத் தனி டிரைவர் இல்லாமலே நெட்வேர்க்காக எடுத்துக்கொள்ளும்.

ஒரு தற்காலிக வழியும் உண்டு. பூட் மெனுவில் இ விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்: எஸ்என்டி அடிக்கோடு இன்டெல் அடிக்கோடு டிஎஸ்பிசிஎஃப்ஜி புள்ளி டிஎஸ்பி அடிக்கோடு டிரைவர் சமக்குறி 1. பிறகு எஃப் 10. பழைய முறை டிரைவர் ஏறும். பல லப்டொப்புகளில் ஸ்பீக்கர் பேசும், ஆனால் உள் மைக் வேலை செய்யாது. நிறுவும் பென் டிரைவிலும் இதைச் செய்யலாம். அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் செல்லும், ஆதலால் ஒன்றும் கெட்டுப்போகாது.

கார்ட் பெயர் காட்டுது, பாட்டும் ஓடுது, சத்தம்தான் இல்லை.

இரண்டு காரணம் அடிக்கடி. ஒன்று, சத்தம் எச்டிஎம்ஐ வழியே மொனிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். மொனிட்டரில் ஸ்பீக்கரே இராது. செட்டிங்ஸில் அவுட்புட்டை 'அனலொக்' அல்லது 'ஸ்பீக்கர்ஸ்' என்று மாற்றுங்கள். வின்டோஸிலும் இதே கதைதான்.

மற்றது மியூட். டெர்மினலில் அல்சாமிக்சர் என்று ஒரே சொல்லாக அடித்து, எஃப் 6 அழுத்தி உண்மையான கார்டைத் தெரிவுசெய்யுங்கள். தூண்களின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் மூடியிருக்கிறது, எம் விசையை அழுத்த 'ஓஓ' அல்லது '00' போலத் தெரியும். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன், பிசிஎம் நான்கையும் பாருங்கள். வலப்பக்கம் நகர்ந்துபோனால் 'ஓட்டோ மியூட்' என்று ஒன்று வரும். ஹெட்போன் துளைக்குள் செம்மண் தூசியோ எறும்போ புகுந்து, ஏதோ குத்தியிருப்பதாகக் கார்ட் நம்பிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கரை அதுதான் அணைத்து வைத்திருக்கும். அதை டிசேபிள் செய்து பாருங்கள், பிறகு துளையைக் காற்றடித்துத் துப்புரவாக்குங்கள். ஊசி விட வேண்டாம்.

சவுண்ட் வருதோ எண்டு நிறுவியே கேட்காதோ?

கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. முன்பு கேட்டது. 1990-களில் சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்ட் போட்டால் முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, உயர் டிஎம்ஏ 5 என்று எண்களை மனப்பாடம் செய்து கொடுக்க வேண்டும். பிழையாகக் கொடுத்தால் சத்தம் ஒரு நொடி வந்து அதிலேயே சிக்கிச் சுழலும். ரெட் ஹட் லினக்ஸில் அதற்கு எஸ்என்டிகொன்ஃபிக் என்று ஒரு கருவி இருந்தது. எண்களை எடுத்துக்கொண்டு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் குரலைப் போட்டுக் காட்டி, 'கேட்டதா' என்று கேட்கும். எண் கொடுக்கும் தொல்லை ஒழிந்தபோது அந்தக் கேள்வியும் சேர்ந்து ஒழிந்துவிட்டது, அதுதான் பிழை.

இன்றும் கேட்கிற நிறுவி ஒன்று உண்டு. டெபியன் பூட் மெனு வந்ததும் எஸ் விசையும் பிறகு என்டரும் அழுத்தினால் பேசும் நிறுவி தொடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் கார்ட் இருந்தால் ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் பேசும்; எது உங்கள் காதில் விழுகிறதோ அப்போது என்டர் அழுத்த வேண்டியதுதான். எச்டிஎம்ஐ குழப்பம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றி ஓஎஸ் போட இது வழிசெய்கிறது. நிறுவிய சிஸ்டமும் பேசும் நிலையிலேயே எழும்பும். ஒரு குறை: டெபியன் நிறுவியில் தமிழ் வரைகலைத் திரையில் மட்டுமே உண்டு, பேசும் முறை எழுத்துத் திரையில் ஓடுவதால் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும். உபுண்டுவில் லைவுக்குள் போனபின் ஓல்ட், வின்டோஸ் விசை, எஸ் மூன்றும் சேர்த்தால் ஓர்க்கா திரைவாசிப்பான் பேசும்.

டிரைவர் இறக்கப் போனால் எல்லாத் தளமும் 'பாதுகாப்பில்லை' எண்டு சொல்லுது.

கணினியின் மூலையில் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் நிற்கும். மதர்போட்டில் உள்ள சிஆர் 2032 பற்றரி, 3 வோல்ட், செத்துவிட்டது. கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பழைய திகதிக்குப் போய்விடும். திகதி பிழையென்றால் தளங்களின் சான்றிதழ் பிழையாகத் தெரியும், வின்டோஸ் அப்டேட் ஓடாது, லினக்ஸின் பொதிப் பட்டியலும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கும். முதலில் திகதியைத் திருத்துங்கள், கடைக்குப் போகும்போது பற்றரியை மாற்றுங்கள். டிரைவருக்கும் பற்றரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பவர்கள் ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு இங்கேதான் வருவார்கள்.

முன்பக்க ஹெட்போன் துளை மட்டும் வேலை செய்யேல்லை.

கேசிங்கிலிருந்து வரும் வயரின் முனையில் இரண்டு பிளக் இருக்கலாம்: ஒன்றில் 'எச்டி ஓடியோ', மற்றதில் அதற்கு முந்திய பழைய முறையான 'ஏசி 97'. எச்டி ஓடியோ என்பதை மட்டும் கொழுவுங்கள். மதர்போட்டில் அதற்கான இடத்தில் பத்துப் பின்னில் ஒன்று குறைவாக, ஒன்பது இருக்கும். குறைந்திருப்பது எட்டாவது, அதாவது மூலைக்கு ஒன்று முன்னால். பக்கத்தில் உள்ள யூஎஸ்பி இடத்தில் மூலைப் பின்னே இராது. இரண்டையும் மாற்றிக் குத்தினால் சேதம் வரும், அழுத்திச் செருகாதீர்கள். பழைய கேசிங்கில் ஏசி 97 மட்டும் இருந்தால் பயோஸில் 'ஃப்ரன்ட் பனல்' வரியை ஏசி 97 என்று மாற்றுங்கள். சத்தம் வரும், ஆனால் குத்தியதைத் தானே அறியாது.

போனுக்கு வந்த ஹெட்போனைக் குத்தினால் ஸூம் வகுப்பில பிள்ளையின்ர குரல் போகுதில்லை.

பிளக்கில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று என்றால் அது நாலு முனைப் பிளக், ஸ்பீக்கரும் மைக்கும் ஒன்றில். மேசைக் கணினியில் பச்சைக்கும் ரோஸுக்கும் தனித்தனித் துளை. இடையில் ஒரு ஸ்பிளிட்டர் வயர் வேண்டும். ஒரு பெண் முனை, இரண்டு ஆண் முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் பெரும்பாலும் மறுவளமாகத்தான் எடுத்துத் தருவார்கள். லப்டொப்பில் ஒரே துளை என்றால் ஸ்பிளிட்டர் வேண்டாம். வின்டோஸில் பிரைவசி, மைக்ரோஃபோன் அனுமதியையும் பாருங்கள்.

பாடசாலையில இருபது கணினி. ஒவ்வொண்டாகச் செய்யிறதோ?

ஒரே மதர்போட் என்றால் ஒன்றை முழுமையாகச் செய்து, சவுண்ட், மைக் சோதித்து, அதன் டிஸ்க்கைக் குளோன்சில்லா என்ற பிரதியெடுக்கும் மென்பொருள் மூலம் படிமமாக எடுத்து மற்றவற்றுக்கு ஊற்றுங்கள். போய்ச் சேரும் டிஸ்க் மூல டிஸ்க்கின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நன்கொடையாக வந்த கணினிகள் வெளியில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே மதர்போட் வேறாக இருக்கும், ஆகவே முதலில் எல்லாவற்றினதும் பக்கத் தகட்டைக் கழற்றி நண்டு எண்ணை எழுதி ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள். ஏஎல்சி 662 ஒரு கூட்டம், 887 ஒரு கூட்டம் என்று பிரித்தால் இரண்டு படிமத்தில் வேலை முடியும். லினக்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரே படிமம் போதும். டிரைவர் எல்லாம் கேர்னலோடே வருகிறது.

அம்ப்ளிஃபையரில கொழுவினால் 'ம்ம்ம்' எண்டு இரையுது. டிரைவர் பிழையோ?

இல்லை. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சல் அதுவும் அதன் மடங்கும்தான். லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் ஏர்த் சுற்று, அதாவது இரண்டு சாமானும் வெவ்வேறு வழியில் ஏர்த் ஆவது. கோயில் மண்டபத்திலோ பாடசாலை மேடையிலோ அம்ப்ளிஃபையர் ஒரு பிளக்கிலும் கணினி தொலைவில் இன்னொரு பிளக்கிலும் இருந்தால் வரும். இரண்டையும் ஒரே பலகையிலிருந்து எடுங்கள். அதுவும் போதாவிட்டால் ஓடியோ வயரின் நடுவே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' ஒன்று. மூன்று முள் பிளக்கின் ஏர்த் முள்ளை வெட்டி இரைச்சலை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. கோடையில் நிலம் காய்ந்து வெடித்திருக்கும்போது ஏர்த் கம்பி ஏற்கனவே பலவீனமாகத்தான் இருக்கும்.

இடி மழைக்குப் பிறகு சவுண்ட் போயிட்டுது. வின்டோஸ் திருப்பிப் போட்டால் வருமோ?

ஒக்டோபர், நவம்பர் இடிக்காலத்தில் நீண்ட மைக் வயர், அம்ப்ளிஃபையர் வயர் கொழுவியபடி விட்ட கணினிகளில் இது நடக்கும். வயர் வழியே ஏறிய மின்னழுத்தம் கோடெக்கைச் சுடும், மற்றதெல்லாம் ஓடும். லினக்ஸ் லைவில் டிஎம்இஎஸ்ஜி பட்டியலில் 'நோ கோடெக்ஸ் ஃபவுண்ட்' என்று வந்தால், ஒருமுறை மின்வயரை முழுதாகக் கழற்றி, பவர் பொத்தானை பதினைந்து நொடி அழுத்தி விட்டு மறுபடி பாருங்கள். அப்பவும் அதே வரி என்றால் எந்த ஓஎஸ்ஸும் உதவாது. யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்கிக் குத்துங்கள், பயோஸில் மதர்போட் சவுண்டை அணையுங்கள். அந்தச் சின்னக் கார்டுகள் பொது யூஎஸ்பி ஓடியோ முறையில் இயங்குவதால் வின்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் டிரைவர் கேட்பதில்லை. ஓஎஸ் போடப் போகும் எவரும் பையில் ஒன்று வைத்திருப்பது நல்லது: இதில் சத்தம் வந்து மதர்போட்டில் வராவிட்டால் ஓஎஸ் சுகம், சாமான்தான் பழுது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வின்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைச்சிருக்கிறம். வின்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் பண்ணினால் லினக்ஸில சத்தம் இல்லை.

வின்டோஸ் டிரைவர் கோடெக்கை ஒரு நிலையில் விட்டுப் போகிறது, லினக்ஸ் அதை எழுப்பத் தெரியாமல் நிற்கிறது. ரீஸ்டார்டுக்குப் பதில் முழுதாக அணைத்து ஏற்றுங்கள். வின்டோஸ் பவர் ஒப்ஷனில் 'ஃபாஸ்ட் ஸ்டார்டப்' ஐ நிறுத்துங்கள், அது இருக்கும்வரை அணைப்பதும் முழு அணைப்பு ஆகாது.

குறைச்ச சைஸ் வின்டோஸ், எல்லா டிரைவரும் உள்ள பெரிய பொதி, இதுகள் பாவிக்கலாமோ?

வேண்டாம். வெட்டிக் குறைத்த வின்டோஸில் எதை வெட்டினார்கள் என்று வெட்டியவருக்கே நினைவிராது. ஓடியோ சேவையையே எடுத்துவிட்டவை உண்டு. டிரைவர் பொதிகள் சிப்புக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவதைப் போட்டுவிட்டு, கேட்காத மென்பொருளையும் சேர்த்து இறக்கும்.

கடையில குடுத்துப் போடுவிக்கிறம். எடுக்கேக்க என்ன பார்க்கிறது?

உங்கள் சொந்த ஹெட்போனைக் கொண்டுபோங்கள். கடை ஸ்பீக்கரில் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுவது சோதனை ஆகாது. முன்துளை, பின்துளை இரண்டிலும் குத்தி இடது வலது கேளுங்கள். பத்து நொடி உங்கள் குரலைப் பதிந்து திருப்பிக் கேளுங்கள். பிறகு முழுதாக அணைத்து, பிளக்கைக் கழற்றி, மறுபடி ஏற்றி இதே இரண்டையும் ஒருமுறை. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம் இருக்கக்கூடாது. டிரைவர் கோப்புறையைப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். காசைப் பிறகு குடுங்கள்.